அம்மான் கடைத்தெருவில் ஒரு பாலஸ்தீன போஜனம்

ஜோர்டானின் தலைநகரான அம்மானில், ரோமானியர் கட்டிய கல் அரங்கத்திற்குச் சற்றுத் தொலைவிலுள்ள பழைய கடைத்தெருவில், நாலைந்து மேஜைகளுக்கு மேல் இடமில்லாத ஒரு சிறு போஜனசாலையில், 'முஸக்கான்' என்னும் பாலஸ்தீன உணவை ருசிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

சூடேறிய கூழாங்கற்களின்மீது சுட்டெடுத்ததனால் மேனியெங்கும் குழிவிழுந்த தபூன் ரொட்டியின்மேல், ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதங்கிய வெங்காயத்தைத் தாராளமாகப் பரப்பி, புளிப்புக்குச் சுமாக் என்னும் செந்நிறக் கனிப்பொடியைத் தூவி, அனலில் வாட்டிய கோழியை அதன்மேல் அமர்த்திக் கொணர்ந்தார்கள். குழிகளிலெல்லாம் எண்ணெய் தேங்கி நின்றது. கரண்டியைத் தேடிய என்னைக் கண்ட பக்கத்து மேஜைப் பெரியவர், கையினாலேயே பிய்த்து உண்ணும்படி ஜாடை காட்டினார். அந்த உபதேசம் நமக்குப் புதிதா என்ன!

அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஆலிவ் அறுவடை நடந்து, செக்கிலிருந்து புது எண்ணெய் வந்தவுடன், அதன் தரத்தைப் பரீட்சித்துப் பார்க்கக் குடியானவர்கள் இதைச் சமைப்பது பாலஸ்தீனக் கிராமங்களின் சம்பிரதாயம். 1948-லும் 1967-லும் மூண்ட யுத்தங்களில் வீடுவாசலையும் தோப்புதுரவையும் விட்டுவிட்டு ஜோர்டானுக்கு வந்துசேர்ந்த லட்சக்கணக்கான ஜனங்கள், எதை இழந்தாலும் இந்தப் பாகத்தின் பக்குவத்தை இழக்கவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் தலைமுறையிலும் அது பிசகாமல் நடந்துவருகிறது.

அம்மானுக்குப் பிரயாணம் செய்யும் நண்பர்கள், நட்சத்திர ஹோட்டல்களை ஒருவேளையேனும் ஒதுக்கிவிட்டு இத்தகைய கடையில் உண்பது உசிதம். ஆனால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், அந்த ரொட்டியைத் தனியாளாக முடிப்பது சாமானியப்பட்ட காரியமன்று.