கண் திறந்த கிளிமீன்

மொனராகலையில் என் ஸ்டூடியோவின் முன்சுவரில் ஒரு கிளிமீன் படம் தொங்குகிறது. பச்சையும் ரோசாவும் கலந்த செதில், அகலத் திறந்த கண், உடம்பைச் சுற்றிக் கிழிந்து மிதக்கும் மெல்லிய சவ்வு. கல்யாண அல்பம் பேச வருகிறவர்கள் "எப்படி எடுத்தீங்க?" என்று கேட்பார்கள். "கிடைச்சது" என்பேன். அது பொய். அந்த மீனை எழுப்பித்தான் எடுத்தேன்.

எங்களுக்குக் கடல் கிட்டத்தில் இல்லை. பிபிலை, மகாஓயா, செங்கலடி என்று பஸ் மாறித் திருகோணமலை போய்த்தான் ஸ்கூபா பழகினேன். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகளை 1956இல் புகைப்படக்காரர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிக் கண்ட கடல் அது. அவர்களைப் பற்றி வாசித்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது.

பகலில் நீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். சில மீற்றர் இறங்கினாலே எல்லாம் நீலமாகிவிடும். இரவில் கையிலிருக்கும் டோர்ச் கிட்டத்திலிருந்தே அடிப்பதால் பவளம் சொந்த நிறத்தில் தெரியும். பகலில் சுருங்கிக் கிடந்த பவள உயிர்கள் இரைக்காகக் கைகளை விரித்திருக்கும். ஆனால் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியிருந்தால் நீரிலுள்ள தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தில் விழும். ஃபிளாஷைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்க வேண்டும். காலிலுள்ள துடுப்பு மணலில் பட்டால் கலங்கிப்போகும். இதையெல்லாம் ஒழுங்காகவே கற்றேன். எதையும் தொடாதே, தூங்குவதைக் குழப்பாதே என்று வழிகாட்டி படகிலேயே சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சில வகைக் கிளிமீன்கள் இரவில் சளியைச் சுரந்து, தம்மைச் சுற்றி உறை கட்டிக்கொண்டு உறங்கும். இரத்தம் குடிக்கும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிகளை அந்த உறை தடுக்கிறது என்று குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாண்ட்ரா கிரட்டரும் அவரது சகாக்களும் 2010இல் காட்டினார்கள். மீனுக்கு அது நுளம்புவலை. நான் அதை இறங்குவதற்கு முன்பே வாசித்திருந்தேன்.

அன்றிரவு பாறை இடுக்கில் ஒரு கிளிமீன் முகத்தை உள்ளே வைத்துக் கிடந்தது. எனக்கு முகம் வேண்டும். வழிகாட்டி அடுத்த பாறைப் பக்கம் திரும்பியிருந்தார். கையை வீசி அதன் பக்கம் தண்ணீரைத் தள்ளினேன். அசையவில்லை. விரலால் வாலைத் தட்டினேன். உறை கிழிய, திரும்பியது. ஃபிளாஷ் அடித்தேன். மறுகணம் அது கண் தெரியாமல் பாறையில் மோதி இருட்டுக்குள் ஓடிவிட்டது. வழிகாட்டி டோர்ச்சால் வட்டம் போட்டு எல்லாம் சரியா என்று கேட்டார். நானும் வட்டம் போட்டேன்.

என் அம்மா ஹப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். லிப்டன் சீட் காட்சிமுனையைப் பார்க்க வரும் வேன்கள் அவர் நிற்கும் மலையோரம் நிற்கும். இறங்குகிறவர்கள் படம் எடுக்கத் தலையை நிமிர்த்தச் சொல்வார்கள், கூடையைத் திருப்பச் சொல்வார்கள், சிரிக்கச் சொல்வார்கள். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிநாள் கூலிதான் என்பது அவர்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அதைப் பார்த்து நான் கொதித்திருக்கிறேன். அவர்களாவது தெரியாமல் செய்தார்கள். நான் உறை எதற்கென்று தெரிந்தே கிழித்தேன்.

போன தீபாவளிக்கு அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது ஏன்டா இப்படி மிரண்டு பாக்குது?" என்றார். லைட்டுக்குத்தான் என்றேன். அவரிடமும் பொய்.

மே மாதம் கிழக்குக் கடல் தெளிந்ததும் அதே வழிகாட்டியோடு இறங்கப் பேசியிருக்கிறேன். படகில் ஏறுவதற்கு முன் நடந்ததைச் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகும் என்னை இரவில் கூட்டிப்போவதா இல்லையா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.