பெட்டிக்குள் கைவிட்டுப் பேசியவர்கள்

ஓமெகிளில் இரண்டே பேர்தான்: 'நீங்கள்', 'அந்நியர்'. 2009 மார்ச்சில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லீஃப் கே-புரூக்ஸ் என்ற 18 வயது இளைஞர் தொடங்கிய, முன்பின் தெரியாத இருவரைக் கோத்துவிடும் அரட்டைத் தளம் அது. 2023 நவம்பரில் அவரே இழுத்து மூடினார். சிறுவயதில் அங்கே ஒரு கயவனோடு கோத்துவிடப்பட்ட பெண் தொடுத்த வழக்கு அப்போதுதான் சமரசத்துக்கு வந்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபின் ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. பெயர் சொல்லாமல், முன்பின் தெரியாதவரிடம், கணினி வழியே மனதிலிருப்பதைக் கொட்டும் பழக்கம் எங்கே தொடங்கியது?

தேடல் முதலில் ஃபின்லாந்துக்குக் கொண்டுபோனது. யோஹான் ஹெல்சிங்கியஸ் 1993-இல் அங்கே ஒரு மின்னஞ்சல் சேவையைத் தொடங்கினார். வரும் மடலிலிருந்து பெயரையும் முகவரியையும் உரித்துவிட்டு, ஓர் எண்ணை ஒட்டி அது அனுப்பிவைக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் மட்டும் அவரிடம் இருந்தது. 1995-இல் சயன்டாலஜி சபை கொடுத்த புகாரில் ஒருவருடைய முகவரியைப் போலீசிடம் சொல்ல நேர்ந்தது. மறு ஆண்டே கடையைக் கட்டினார்.

ஆனால் இது வேர் அல்லவே. அந்த நாளில் மின்னஞ்சல் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார், கம்பெனிக்காரர்கள். தெருவில் போகிற ஆள் எப்போது உள்ளே வந்தார்?

விடை ஸ்டீவன் லெவியின் 'ஹேக்கர்ஸ்' நூலில் இருந்தது. 1973 ஆகஸ்ட், கலிஃபோர்னியாவின் பெர்க்லி. லியோபோல்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையின் மாடிப்படி ஏறினால், வழக்கமான அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் டெலிடைப் என்ற ஒரு தட்டச்சு எந்திரம். லீ ஃபெல்சென்ஸ்டீன், எஃப்ரெம் லிப்கின் முதலான நண்பர்கள் வைத்த அதற்குக் 'கம்யூனிட்டி மெமரி' என்று பெயர். தொலைபேசி வழியே சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பெருங்கணினியோடு அது பேசும், நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில். டெலிடைப்பின் தடதடப்பு தாங்காது என்று அதை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பார்க்க ஒரு பிளாஸ்டிக் சன்னல், கைவிட இரண்டு ஓட்டைகள். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து, வருகிறவர்களைத் தட்டிப் பார்க்கச் சொல்வார்.

பெயர் கேட்கவில்லை, கடவுச்சொல்லும் இல்லை. எழுதி, அதற்குத் தேடுசொற்களை நாமே கொடுத்துவிட்டால் போதும். அந்தச் சொல்லைத் தேடுகிறவர் கண்ணில் அது படும். ஓமெகிள் குருட்டுச் சீட்டுப் போட்டு ஆளைக் கோத்துவிட்டது. இங்கே ஒரு சொல்தான் இருவரையும் சேர்த்தது, எழுதியதும் அழியாமல் கிடந்தது. இதுவே மேலானது என்பது என் கட்சி.

பாட்டுக்குழுவுக்கு ஆள் தேடுவார்கள், பழைய சாமான் விற்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அதுவும் நடந்தது. கூடவே ஒருவர், நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கடைகளின் பெயரோடு நிற்காமல், முன்பு பேகல் சுட்டுப் பழகிய ஒருவர் தானே கற்றுத்தருவதாகத் தொலைபேசி எண்ணையே கொடுத்தார். இன்னொரு ஆசாமி, வில்லியம் பர்ரோஸ் நாவலில் வரும் டாக்டர் பென்வே என்ற பாத்திரத்தின் பெயரில் புரியாத குறிப்புகளாக எழுதித் தள்ளினார். பெட்டிக்குள் கைவிட்டு நின்றவரைப் படியேறியவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். படித்தவருக்குத்தான் ஆள் தெரியாது!

1975 தொடக்கத்தில் இந்த முதல் முயற்சி நின்றுபோனது. 1980களில் மறுபடி வைத்தபோது எந்திரத்தில் காசு போடும் துளை இருந்தது. படிக்க இலவசம், கருத்து எழுத 25 சென்ட், புதிய விவாதம் தொடங்க ஒரு டாலர். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. கோபத்தில் எழுத வந்தவருக்குப் பையில் சில்லறை தேடும் நேரமாவது கிடைத்திருக்கும்.