தெளிந்த நீர் கேட்கும் ஈட்டி

நீபோங் பனை சதுப்புக்காட்டின் ஓரத்தில், உப்புக்காற்று படும் இடத்தில் வளர்வது. வெளிப்பக்கம் கருத்து வைரம் பாய்ந்திருக்கும்; உள்ளே வெறும் சோறு. மரத்தை நீளவாக்கில் பிளந்து, சோற்றைச் செதுக்கித் தள்ளி, மிஞ்சும் வைரத்தை இழைத்தால் ஈட்டிக் காம்பு கிடைக்கும். மலேசியாவின் ஜொகூரில், பாசிர் கூடாங் வட்டாரத்துக் குவாலா மாசாயில் இதை எனக்குச் செய்துகாட்டிய பெரியவர் ஓராங் செலெத்தார் இனத்தவர். கத்தியை அவர் ஓங்கவே இல்லை. நார் ஓடும் திசையைக் கண்ணால் தேடி, அந்த வழியிலேயே மெல்லத் தள்ளினார். "நாரைக் குறுக்கே வெட்டிவிட்டால், பெரிய மீன் மாட்டும் அன்றைக்கு அங்கேதான் முறியும்" என்றார்.

முனைக்கு இரும்புக் கம்பி. மூன்று கம்பிகளை அரத்தால் ராவி, ஒவ்வொன்றிலும் பின்னோக்கிய முள் ஒன்றை எழுப்புகிறார். முள் இல்லாவிட்டால் குத்துப்பட்ட மீன் ஒரு துள்ளலில் நழுவிவிடும். முள் பெரிதாகிப்போனால் சதை கிழியும். கம்பிகளைச் சற்றே விரித்துக் காம்பின் நுனியில் வைத்துக் கயிற்றால் இறுக்கிச் சுற்றினால் செரம்பாங் என்னும் மீன் ஈட்டி தயார். தெம்பூலிங் வேறு வகை. அதற்கு ஒற்றை முனை. மீனின் உடலில் தைத்ததும் காம்பை விட்டுக் கழன்றுகொள்ளும். முனையில் கட்டிய கயிறு படகில் இருப்பவர் கையில் இருக்கும். குறுந்தொகையின் 304ஆம் பாட்டில் பரதவர் கொம்புமீன் மேல் எறியும் உளி எனக்கு இந்த இடத்தில்தான் நன்றாகப் புரிந்தது. அங்கே காம்பு உலர்ந்த மூங்கில், இங்கே நீபோங்.

ஈட்டியைத் தூரமாக எறிய உதவும் எறிகோல் இங்கே கிடையாதா என்று கேட்டேன். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வூமெரா அப்படிப்பட்டது. பிரான்சில் 17,000 ஆண்டுகளுக்கும் முந்தைய எறிகோல் கிடைத்திருக்கிறது. கையின் நீளத்தைக் கூட்டி, இலேசான ஈட்டிக்கு வேகம் தரும் கருவி அது. கையால் வரைந்து காட்டியதும் பெரியவர் சிரித்தார். "எங்களுக்குத் தூரம் எதற்கு? மீன் படகுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது!" அவர் சொன்னது சரி. ஆடும் படகின் முனையில் நின்று, காலுக்குக் கீழே நகரும் நிழலைக் குத்துபவருக்கு வேண்டியது வேகத்தைவிட நிதானம். நீருக்குள் இருக்கும் மீன் உண்மையில் இருப்பதைவிட மேலே தெரியும். ஒளி வளைவதால் வரும் மயக்கம் அது. அதனால் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே குத்த வேண்டும். எவ்வளவு கீழே என்று கேட்டால் பதில் வராது. ஆழம், சாய்வு, மீனின் ஓட்டம் எல்லாவற்றையும் அவருடைய தோள் கணக்குப் பார்த்துக்கொள்கிறது.

செலெத்தார் மக்கள் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான தெப்ராவ் நீரிணையின் இரு கரைகளிலும் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். கரையேறினால் நாய்களோடு காட்டுப்பன்றி வேட்டை, அங்கும் ஈட்டிதான். கடல் இரு நாடுகளின் எல்லையான பிறகும் சிங்கப்பூர்ப் பக்கத்துச் சதுப்புகளை அவர்கள் தங்கள் ஊராகவே நினைக்கிறார்கள்.

ஈட்டி மீன்பிடிக்குத் தெளிந்த நீர் வேண்டும். வலை கலங்கல் நீரிலும் பிடிக்கும். ஈட்டிக்குக் கண் வேண்டும். 1977இல் பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. தொழிற்சாலைகள் பெருகின; கரைகளை மணல் கொட்டி நிரப்பினார்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறியபோது, 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கிய நீரைப் பற்றி யாரும் செய்தி போடவில்லை. என்னோடு வந்த மாசாய் நண்பர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். அந்த வேலையால்தான் அவர் குடும்பம் தோட்டத்துக் கூலியிலிருந்து மீண்டது. அதையும் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வளர்ச்சிக்கான விலையை யாரிடம் வாங்கினோம் என்பதைத் துறைமுகத்தால் வாழ்பவர்களாவது கேட்டாக வேண்டும்.

இளைஞர்கள் இப்போது கூப்பாங் சிப்பி வளர்ப்புக்கும் நண்டுக் கூட்டுக்கும் போகிறார்கள். பெரியவரின் பேரனுக்குச் செரம்பாங் கட்டத் தெரியும். அதைப் பிடித்துப் படகு முனையில் நிற்கவும் தெரியும். நீர் வற்றும் இரவுகளில், விளக்கு வெளிச்சம் அடிமண் வரை போகும் சில ஓடைகளைத் தேடி இருவரும் போகிறார்கள். அந்த ஓடைகள் எங்கே என்று நான் கேட்டேன். பேரன் பாட்டனாரைப் பார்த்தான். "சொல்லாதே" என்றார் அவர், கம்பியை ராவுவதை நிறுத்தாமலே.