நோயின் சுமையை யார் சுமப்பது?

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் இறுதியாக வரும் குறள் மருத்துவத்தை நான்கு பகுதிகளாக வகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்பன அந்நான்கு. இக்காலத்தில் அவ்வரிசையில் ஐந்தாவதாக ஒருவர் வந்து அமர்ந்திருக்கிறார். அவர் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இரவில் கண்விழிப்பதும் இல்லை. எனினும் தனியார் மருத்துவமனையில் அவருடைய ஒப்புதல் கிடைக்கும்வரை மற்ற நால்வரும் காத்திருக்க வேண்டியுள்ளது. மருத்துவச் செலவை ஏற்பவரே அவர். அரசாங்கம், முதலாளி, காப்புறுதி நிறுவனம், குடும்பத் தலைவர் ஆகியோருள் அப்பொறுப்பை யார், எந்த அளவுக்கு ஏற்க வேண்டும் என்பதே நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் மருத்துவக் காப்புறுதி விவாதத்தின் சாரம்.

நான் பொருளியல் அறிஞன் அல்லன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவன். ஆயினும் தலைமையாசிரியரின் அறைக்கு வந்து சேராத துன்பம் ஊரில் இல்லை. மாணவன் ஒருவன் ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லையே என்று விசாரித்தால், பாதி வேளைகளில் அவன் வீட்டுப் பெரியவர் ஒருவரின் நோயே காரணமாக இருக்கும். அந்த உரிமையில் என் கருத்தை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கூலாய் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். எங்களுக்கு மருத்துவர் என்றால் தோட்டத்து மருத்துவமனையில் இருந்த 'டிரெசர்'தான். காய்ச்சலுக்கும் கால் புண்ணுக்கும் அவரே மருந்து தருவார். கட்டணம் இல்லை. ஆனால் அந்த மருந்து வேலையோடு கட்டப்பட்டிருந்தது. பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவருக்கு வீடும் இல்லை, மருந்தும் இல்லை. பின்னாளில் எங்கள் தோட்டம் விற்கப்பட்டு, செம்பனையாகி, பிறகு வீடமைப்புப் பகுதியாகவும் மாறியபோது, நிலத்தை வாங்கியவர் மருத்துவமனையை வாங்கவில்லை.

அதே தோட்டத்தில் மக்கள் தாமே நடத்திய ஏற்பாடுகளும் இருந்தன. மரண சகாய சங்கத்துக்கு வீட்டுக்கு வீடு மாதந்தோறும் சிறு தொகை செலுத்துவார்கள். சாவு விழுந்த வீட்டுக்கு அந்தப் பணம் அன்று மாலைக்குள் போய்ச் சேரும். பெண்கள் கூட்டுக் கட்டினார்கள். ஏமாற்றுக்காரர்களின் கையில் அக்கூட்டு சிக்கியதால், அதைத் தடைசெய்ய 1971ஆம் ஆண்டில் ஒரு சட்டமே வந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அச்சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்னும் நம் சொல் இடம்பெற்றிருக்கிறது. பலர் சேர்ந்து ஒருவரின் சுமையைத் தாங்குதல் என்ற கருத்தை நம்மவர் காப்புறுதி முகவரிடம் கற்றுக்கொள்ளவில்லை. பொதுப்பணத்தைக் கண்காணிப்பார் இல்லையேல் என்ன நேரும் என்பதையும் அவர்கள் பட்டறிந்தவர்களே.

2024ஆம் ஆண்டின் இறுதியில் என் பள்ளி ஆசிரியை ஒருவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். தனியார் நிறுவனத்தில் எழுத்தராகப் பணிபுரியும் அவருடைய கணவர் இருபது ஆண்டுகளாக மருத்துவக் காப்புறுதிச் சந்தா செலுத்தி வந்தவர். ஒருமுறைகூட அதைப் பயன்படுத்தியதில்லை. அடுத்த ஆண்டு முதல் சந்தா ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும் என்று கடிதம் கூறியது. "ஐயா, உடம்பு நன்றாக இருந்த காலமெல்லாம் கட்டினோம். நோய் வருகிற வயதில் கட்ட முடியாமல் போகிறது. இதுவரை கட்டியது யாருக்கு?" என்று அவர் கேட்டார்.

அக்கேள்விக்கு நேர்மையான விடை ஒன்று உண்டு. அவர்கள் செலுத்திய பணத்தில் பெரும்பகுதி அந்தந்த ஆண்டுகளில் நோயுற்ற பிறருக்குச் சென்றது. காப்புறுதியின் இயல்பே அதுதான். அதில் வஞ்சகம் இல்லை. ஆனால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சந்தா வயதோடு ஏறுகிறது. மருத்துவச் செலவோடும் ஏறுகிறது. ஏறும்போது, உடல்நலம் உள்ள இளையோர் 'இது எனக்கு எதற்கு?' என்று விலகுகின்றனர். எஞ்சியவருள் நோயாளிகளின் விகிதம் கூடுகிறது. ஆகவே சந்தா மீண்டும் ஏறுகிறது. முடிவில், காப்புறுதி யாருக்கு மிகவும் தேவையோ அவரே அதை இழந்து வெளியேறுகிறார்.

அவ்வாண்டில் சந்தா 40 முதல் 70 விழுக்காடு வரை உயரக்கூடும் என்று நாளேடுகள் எழுதின. நாடெங்கும் எழுந்த முறையீடுகளைத் தொடர்ந்து, 2024 டிசம்பர் 20ஆம் நாள் பேங்க் நெகாரா இடைக்கால ஏற்பாடுகளை அறிவித்தது. உயர்வை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் பரப்ப வேண்டும். குறைந்தது 80 விழுக்காட்டுச் சந்தாதாரர்களுக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். குறைந்தபட்சத் திட்டத்தில் உள்ள 60 வயதினருக்கும் மேற்பட்டோருக்கும் ஓராண்டு உயர்வை நிறுத்தி வைக்க வேண்டும் என்பன அவற்றுள் முதன்மையானவை. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் சுமையை மெதுவாக ஏற்றுவது அதைக் குறைத்ததாகாது. செலவு ஏறும் வழியும் திறந்தே கிடந்தது. 2006ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவமனை விதிமுறைகள் மருத்துவர் கட்டணத்துக்கு வரம்பு விதித்தன. ஆனால் மருந்துக்கும் கருவிகளுக்கும் பிற பொருள்களுக்கும் மருத்துவமனை விதிக்கும் கட்டணங்களுக்கு அத்தகைய வரம்பு விதிக்கவில்லை.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. நாடு தழுவிய மருத்துவ நிதித் திட்டம் பற்றிய பேச்சு 1980களிலிருந்தே நடந்து வருகிறது. 'ஒன்கேர்' என்ற பெயரில் எழுந்த யோசனை, வருமானத்தில் ஒரு பகுதி கட்டாயமாகப் பிடிக்கப்படும் என்ற அச்சத்தினால் 2012ஆம் ஆண்டளவில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2019இல் 'மைசலாம்' வந்தது. காப்புறுதி நிறுவனங்களில் வெளிநாட்டு உரிமை 70 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் விதிக்கு ஈடாக, கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம் 200 கோடி ரிங்கிட் வழங்க முன்வந்தது. அந்நிதியிலிருந்து, குறைந்த வருமானமுடைய 40 விழுக்காட்டினருக்குக் கடும் நோய் கண்டால் 8,000 ரிங்கிட்டும், அரசாங்க மருத்துவமனையில் தங்கும் நாள்களுக்கு நாளொன்றுக்கு 50 ரிங்கிட் வீதம் ஆண்டுக்கு 14 நாள் வரையிலும் வழங்கத் திட்டமிடப்பட்டது.

அப்பணத்தை நேரே அரசாங்க மருத்துவமனைகளுக்குக் கொடுத்திருக்கலாகாதா என்று சிலர் வினவினர். நியாயமான வினாதான். ஆயினும் நாள்கூலி பெறும் தந்தை பத்து நாள் படுத்தால், அரசாங்க மருத்துவமனையின் குறைந்த கட்டணம் மட்டும் அக்குடும்பத்தைக் காப்பாற்றாது. அரிசிக்குப் பணம் வேண்டும். அந்த 50 ரிங்கிட்டின் அருமை அத்தகைய வீடுகளை அறிந்தவருக்கே தெரியும். என் குறை வேறு. நற்செயலாக வரும் நிதிக்கு ஒரு முடிவு உண்டு. நோய்க்கு அது இல்லை. 2025இல் அடிப்படை மருத்துவக் காப்புறுதித் திட்டம் ஒன்றை வகுக்கும் முயற்சி தொடங்கியபோது, ஊழியர் சேம நிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து சந்தா செலுத்த அனுமதிக்கும் யோசனையும் எழுந்தது. விரும்பியவர்க்கு மட்டுமே என்று விளக்கம் தரப்பட்டது. ஆயினும் முதுமைக்குச் சேர்த்த பணத்தை நோய்க்குக் கொடுத்துவிட்டால், நோய் தீர்ந்தபின் வரும் முதுமைக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி நிற்கவே செய்கிறது.

ஜொகூர் பாருவில் இருப்பவர்க்கு மற்றொரு நாட்டின் ஏற்பாடு பாலத்துக்கு அப்பால் கண்ணெதிரே தெரிகிறது. சிங்கப்பூரில் 2015 நவம்பர் முதல் நடப்பிலுள்ள 'மெடிஷீல்டு லைஃப்' திட்டத்தில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அனைவரும் அடக்கம். முன்பே நோயுற்றிருந்தவரும் வாழ்நாள் முழுவதும் அதில் உண்டு. கடும் நோயோடு சேர்ந்தவர் முதல் பத்தாண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதலாகச் செலுத்துவர். ஏழைகளுக்கு அரசாங்க உதவித்தொகை உண்டு. இந்த அடித்தளத்தை மத்திய சேமநிதிக் கழகம் நிர்வகிக்கிறது. அதற்குமேல் வசதி வேண்டுவோர்க்கே தனியார் நிறுவனங்கள் வருகின்றன. அங்கும் வயதோடு சந்தா ஏறுகிறது, முணுமுணுப்பும் உண்டு. ஆயினும் நோயாளி என்பதற்காக எந்தக் குடிமகனும் வாசலில் நிறுத்தப்படுவதில்லை.

அந்தத் திட்டம் நம்மவர்க்கு உரியதன்று. விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கும் என் மாணவர்களின் தந்தையருள் வேலை அனுமதியில் பணிபுரிவோருக்கு அங்குள்ள முதலாளியே மருத்துவக் காப்புறுதி எடுக்கக் கடமைப்பட்டவர். 15,000 வெள்ளியாக இருந்த அதன் குறைந்த அளவு 2023 ஜூலை முதல் 60,000 சிங்கப்பூர் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நல்லதுதான். ஆனால் அதுவும் வேலையோடு கட்டப்பட்டதே. 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டு வேலை இழந்தவர்கள் காப்புறுதியையும் சேர்த்தே இழந்தனர். எங்கள் தோட்டத்து டிரெசரின் மருந்துக்கும் இதற்கும் தொகையில்தான் வேற்றுமை.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, என் தொழிலில் கண்ட ஓர் உண்மையே எனக்கு வழிகாட்டுகிறது. முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வரும் பிள்ளைகளை நான் தேர்ந்தெடுப்பதில்லை. எழுத்தறிந்த பிள்ளையும் வரும், பென்சில் பிடிக்கத் தெரியாத பிள்ளையும் வரும். இருவர் பெயரையும் ஒரே பதிவேட்டில் எழுதுகிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் நூறு விழுக்காட்டுத் தேர்ச்சியை எந்தத் தலைமையாசிரியரும் காட்டிவிடுவார். அப்பள்ளி வெற்றி பெற்றதாகக் கொண்டாடப்படும்; விடுபட்ட பிள்ளைகளோ கணக்கிலேயே வரமாட்டார்கள். நலமுள்ளவரை ஏற்று நோயுற்றவரை விலக்கும் காப்புறுதியின் இலாபமும் இத்தகையதே.

ஆகவே தனியார் காப்புறுதி நிறுவனங்கள் அரசாங்கத் திட்டத்தில் பங்குபெறலாகாது என்று நான் கூறமாட்டேன். அவர்களிடம் அனுபவமும் கணக்கும் ஆள்பலமும் உள்ளன. ஆனால் பொதுமக்களின் பணத்தையும் அரசாங்கத்தின் பெயரையும் பெற வருகிறவர் பொதுப் பதிவேட்டையும் ஏற்றுக்கொண்டே வர வேண்டும். வயதையும் நோயையும் காட்டி எவரையும் விலக்கலாகாது. சந்தா உயர்வின் காரணத்தை எளிய மொழியில், முன்கூட்டியே விளக்க வேண்டும். செலுத்த இயலாதவரின் பங்கை வரிப்பணத்திலிருந்து அரசாங்கம் ஏற்க வேண்டும். இவற்றுக்கு இசையாதவர் தம் வணிகத்தைத் தனியே நடத்திக்கொள்ளட்டும்.

இவை நிறைவேறினாலும் அரசாங்க மருத்துவமனைகளை நலிய விடலாகாது. 2016 அக்டோபர் 25ஆம் நாள் நம் நகரின் சுல்தானா அமினா மருத்துவமனையில் மூண்ட தீயில் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் நோயாளிகள் அறுவர் உயிரிழந்ததை ஜொகூர் மக்கள் மறக்கவில்லை. சந்தா கட்டியவரும் கட்டாதவரும் கடைசியில் வந்து சேரும் இடம் அரசாங்க மருத்துவமனையே. தனியார் காப்புறுதி பெருகப் பெருக, தேர்ந்த மருத்துவர்களும் அங்கிருந்து தனியார் பக்கம் ஈர்க்கப்படுகின்றனர் என்பதையும் சீர்திருத்தம் பேசுவோர் கணக்கில் கொள்ள வேண்டும். 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை பதினைந்து ஆண்டுக் காலச் சீர்திருத்தத்தை முன்வைத்தது. பதினைந்து ஆண்டுகளில் இன்று முதலாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள்; நானோ அரசாங்க மருத்துவமனையின் வரிசையில் எண் சீட்டோடு அமர்ந்திருக்கும் முதியவனாக இருப்பேன். அவர்களின் நல்ல உடல்நலம் என் சுமையில் ஒரு பங்கைத் தாங்கும் என்றால், நாளை அவர்களின் முதுமையை அவர்களுக்குப் பின் வருவோர் தாங்குவார்கள். அந்தத் தொடர் அறாமல் பார்த்துக்கொள்ளும் திட்டம் எதுவாயினும், அதற்கு என் சந்தாவை மனமுவந்து செலுத்துவேன்.