‘தி’ யாருடைய அறிவைச் சுட்டுகிறது?

ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் நம் மாணவர்கள் ஆர்ட்டிகிள் பிழைகளைக் கடைசி வாரத்து வேலையாகவே ஒதுக்கி வைக்கிறார்கள். இயல்கள் எல்லாம் முடிந்து, துணைநூற்பட்டியலும் சரிபார்க்கப்பட்ட பின், ஆங்கிலம் நன்கறிந்த ஒருவரிடம் கொடுத்து ‘தி’, ‘எ’, ‘அன்’ ஆகியவற்றை ஆங்காங்கே சேர்த்து வாங்கிக்கொள்வது வழக்கம். ரசம் இறக்கிய பின் கொத்தமல்லி தூவுவது போன்ற வேலை என்பது எண்ணம். ஆனால் ஆய்வின் முடிவையே மாற்றிவிடும் ஆற்றல் அந்தச் சிறு சொற்களுக்கு உண்டு.

பெங்களூரில் ஓர் ஆய்வு மாணவி. குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்து குடியேறியது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், ஆய்வேட்டில் ஆங்கிலம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 14 பேரைப் பேட்டி கண்டு, அவர்கள் ஆங்கில வகுப்பில் இலக்கணத்தை எம்மொழியில் விளக்குகிறார்கள் என்பதை அவர் ஆராய்ந்தார். ஆய்வுச் சுருக்கம் நெறியாளரிடமிருந்து திரும்பியபோது, முதல் வாக்கியத்திலிருந்த ‘தி டீச்சர்ஸ்’ வட்டமிடப்பட்டிருந்தது. ஓரத்தில் ‘எந்த?’ என்று ஒரே சொல்.

“நான் பேட்டி எடுத்தவங்கதான் சார். வேற யாரு?”

“அது உங்களுக்குத் தெரியும்மா. படிக்கிறவருக்கு இன்னும் நீங்க யாரையும் அறிமுகப்படுத்தலையே.”

இறுதி இயலில் இதன் மறுதலை நிகழ்ந்திருந்தது. வட்டமிடப்பட்டதைக் கண்டு அஞ்சியோ என்னவோ, அங்கே ‘தி’ என்பதையே நீக்கிவிட்டு ‘டீச்சர்ஸ் ப்ரிஃபர் கன்னடா’ என்று எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் அதற்கு, பொதுவாக ஆசிரியர்கள் என்போர் கன்னடத்தையே விரும்புகிறார்கள் என்று பொருள். 14 பேரின் விருப்பம் ஓர் இனத்தின் இயல்பாகிவிட்டது. இதை வாய்மொழித் தேர்வில் ஒருவர் கையில் எடுத்தால், அவர் கேட்கப்போவது இலக்கணக் கேள்வியன்று. எந்தச் சான்றின் அடிப்படையில் எல்லா ஆசிரியர்களையும் பற்றிப் பேசுகிறீர்கள் என்னும் ஆய்வுமுறைக் கேள்வி. இங்கு ‘தி’ வேண்டும். ஏனெனில் இறுதி இயலை எட்டிய வாசகர் அந்தப் 14 பேரையும் நன்கறிவார்.

இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றே. அதைக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அந்த வேர் நம் மொழியிலேயே இருக்கிறது.

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்று பள்ளியில் கற்றுத்தரப்படுகிறது. சொல் வடிவில் இல்லை என்பது உண்மை. அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்வது இரண்டாம் வேற்றுமை உருபு. ‘முருகன் மரம் வெட்டினான்’ என்பதற்கும் ‘முருகன் மரத்தை வெட்டினான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தை எவரும் சொல்லித்தராமலே அறிந்துகொள்கிறது. முன்னதில் மரம் வெட்டுதல் என்பது ஒரு தொழில். எம்மரம் என்ற கேள்வியே எழுவதில்லை. பின்னதில் ஒரு மரம் கண்முன் நிற்கிறது. கன்னடத்திலும் ‘புஸ்தக ஓதித’, ‘புஸ்தகவன்னு ஓதித’ ஆகிய இரண்டிற்கும் இடையில் ஏறத்தாழ இதே வேறுபாடு உண்டு. கன்னட இரண்டாம் வேற்றுமை குறித்து ஜெஃப்ரி லிட்ஸ் 2006இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதில் ஒரு நுட்பத்தைக் காட்டியது. உருபை இடலாம், விடலாம் என்ற உரிமை இருக்கும் இடத்தில்தான் அதை இடுவதற்குப் பொருள் உண்டு. உருபு கட்டாயமாகும் இடத்தில் அப்பொருள் மறைந்துவிடுகிறது. தமிழுக்கும் இது பொருந்தும். ‘ஒரு மாணவனைத் தேடுகிறார்’ என்றால், மனத்தில் ஒருவனை வைத்துத் தேடுகிறாரா, எவனாவது கிடைத்தால் போதுமா என்பது தெரிவதில்லை. உயர்திணைக்கு உருபு கட்டாயம் என்பதால் வந்த மயக்கம் இது.

அப்படியானால் ‘ஐ’ வருமிடத்திலெல்லாம் ‘தி’ போடலாமா? பலர் அறியாமலே அப்படித்தான் செய்கிறார்கள். ஒருவன் நூலகத்துக்குச் சென்று, ‘ஒரு புத்தகத்தைத் தேடுகிறேன்’ என்கிறான். புத்தகத்தின் பெயர், அட்டையின் நிறம், கடைசியாக அது இருந்த அடுக்கு எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆகவே தமிழில் ‘ஐ’ வருகிறது. ஆனால் நூலகருக்கு இன்னும் எதுவும் தெரியாது; ஆகவே ஆங்கிலத்தில் ‘எ புக்’ என்றுதான் சொல்ல வேண்டும். தமிழின் ‘ஐ’ சொல்பவருடைய மனத்தை நோக்குகிறது. ஆங்கிலத்தின் ‘தி’ கேட்பவருடைய மனத்தை நோக்குகிறது. சற்றே எளிமைப்படுத்திய கூற்றுதான் இது என்றாலும், ஆய்வேடு எழுதுபவருக்கு இதுவே போதும். அம்மாணவியின் ‘தி டீச்சர்ஸ்’ இந்தப் பிளவில்தான் விழுந்தது. 14 முகங்களும் அவர் கண்முன் இருந்தன. வாசகர் கண்முன் ஒன்றும் இல்லை.

இது தமிழர்க்கு மட்டும் நேர்வதன்று. தானியா அயோனின், ஹீஜங் கோ, கென்னத் வெக்ஸ்லர் ஆகிய மூவரும் 2004இல் ஆர்ட்டிகிள் அற்ற ரஷ்யன், கொரியன் ஆகிய மொழிகளைப் பேசுவோர் ஆங்கிலம் கற்கும்போது செய்யும் பிழைகளை ஆராய்ந்தார்கள். சொல்பவர் மனத்தில் குறிப்பான ஒரு பொருள் இருந்து, கேட்பவருக்கு அது புதிதாக இருக்கும் இடங்களில்தான் அவர்கள் பெரிதும் தடுமாறி, ‘எ’ வர வேண்டிய இடத்தில் ‘தி’யைப் போட்டார்கள். பிழை மனம்போன போக்கில் நிகழவில்லை. மனித மொழிகள் தேர்ந்துகொள்ளக்கூடிய இரண்டு அளவுகோல்களுக்கு இடையே கற்பவர் ஊசலாடுகிறார் என்பது அவர்களின் விளக்கம். உலக மொழிகளைப் பார்த்தாலும் ஆங்கிலத்தின் ஏற்பாடு இயற்கையின் விதியன்று. மேத்யூ டிரையர் தொகுத்த 620 மொழிகளில் 198 மொழிகளுக்கு இருவகை ஆர்ட்டிகிளும் இல்லை. அம்மொழிகளைப் பேசுவோரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டுதான் வாழ்கிறார்கள்.

நம் பள்ளி இலக்கண நூல்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. அவை ஆர்ட்டிகிளைப் பெயர்ச்சொல்லின் குணமாகக் காட்டுகின்றன: சூரியனுக்கு ‘தி’, சந்திரனுக்கு ‘தி’, ஆப்பிளுக்கு ‘அன்’. ‘எ’, ‘அன்’ வேறுபாட்டுக்கு ஒதுக்கப்படும் நேரத்தைக் கண்டால் வியப்பாக இருக்கிறது. அது வெறும் ஒலி பற்றியது. தமிழர்க்கு மிக எளியதும்கூட. ‘ஒரு’, ‘ஓர்’ என்று நாமும் அடுத்து வரும் ஒலியைப் பார்த்தே மாற்றுகிறோம். (முகநூல் பின்னூட்டங்களில் ‘ஓர்’ குறித்து நிகழும் போர்களை அறிந்தவர்க்கு, ‘அன் எம்.ஏ.’, ‘எ யுனிவர்சிட்டி’ ஆகியவை ஒரு பொருட்டே அல்ல.) ‘ஃப்யூ’ என்பதற்கும் ‘எ ஃப்யூ’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கோ ஒரே ஒரு பயிற்சி வினா. முன்னது ‘அநேகமாக எவரும் இல்லை’ என்னும் தொனி. பின்னது ‘சிலர் உண்டு’ என்னும் தொனி. தரவு பற்றிப் பேசும்போது இவை இரண்டும் எதிரெதிர் முடிவுகள். வறட்சியை இடப்பெயர்வின் ‘எ காஸ்’ என்றால் காரணங்களுள் ஒன்று. ‘தி காஸ்’ என்றால் அதுவே காரணம். ஓரெழுத்துச் சொல்லை மாற்றினால் ஓர் இயல் முழுவதையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

இலக்கணத்தை விதியாகச் சொல்லித்தருவதா, பொருளில் ஆழ்த்திக் கற்கவிடுவதா என்ற விவாதத்தில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் 1963இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பயிற்றும் முறை கோலோச்சிய காலம் அது. அம்முறையின் மீது எழுந்த அதிருப்தியிலிருந்து, 1979 முதல் 1984 வரை, என். எஸ். பிரபு ஒரு சோதனையை நடத்தினார். மொழி கற்பித்தல் துறையில் உலகெங்கும் அது பெங்களூர்த் திட்டம் என்றே அறியப்படுகிறது. பெங்களூர், சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்களின் சில சாதாரணப் பள்ளி வகுப்புகளில் இலக்கணப் பாடத்திட்டமே இல்லாமல் ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. ரயில் கால அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுதல், வரைபடத்தில் வழி கண்டுபிடித்தல் போன்ற பணிகள். விடை சரியா என்பதே அளவுகோல். பிழையான வாக்கியத்தை ஆசிரியர் திருத்திச் சொல்வது உண்டு; வீட்டில் பெரியவர்கள் குழந்தையின் பேச்சைப் போகிறபோக்கில் திருத்துவது போல, அங்கே நின்று விளக்காமல். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே வடிவம் தானாக உள்ளே படிகிறது என்பது பிரபுவின் கொள்கை. 1987இல் அதை நூலாகவும் எழுதினார். ஆலன் பெரட்டாவும் ஆலன் டேவிஸும் 1985இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஒவ்வொரு பிரிவு மாணவரும் தமக்குப் பழக்கமான வகைத் தேர்வில் முந்தினர். இரண்டுக்கும் பொதுவான தேர்வுகளில் மொத்தத்தில் திட்டத்து மாணவர்களின் கை ஓங்கியிருந்தது.

பிரபுவின் கொள்கைக்கு மிகக் கடினமான சோதனை ஆர்ட்டிகிள்தான். கால அட்டவணையைப் பார்த்து, ‘ட்ரெய்ன் லீவ்ஸ் அட் டென்’ என்று ஒரு சிறுவன் சொன்னால் விடை சரி. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ‘தி’ இல்லாததால் எவரும் ரயிலைத் தவறவிடப் போவதில்லை. பொருளில் மட்டும் கண்வைத்த மனத்துக்கு அச்சொல் தேவைப்படவே இல்லை என்றால், அது எப்படி உள்ளே படியும்? ஆயினும் விடை அத்திட்டத்தின் வரைபடப் பணிகளிலேயே ஒளிந்திருக்கிறது. இருவர் கையில் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட வரைபடங்களைக் கொடுத்து, ஒருவர் மற்றவருக்கு வழி சொல்லட்டும். அவர் ‘தி டெம்பிள்’ என்றதும், மூன்று கோயில்கள் உள்ள வரைபடத்தை வைத்திருப்பவர், ‘எந்தக் கோயில்?’ என்று கேட்டே தீர வேண்டும். அங்கே பொருளும் வடிவமும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கின்றன. இலக்கண விதியை ஒப்பிப்பதைவிட இத்தகைய நான்கு வகுப்புகள் ஆய்வு மாணவர்க்கும் பயன்தரும்.

ஆர்ட்டிகிளை விட்டுவிடும் இந்தியர்களும் அதைக் கண்மூடித்தனமாக விடுவதில்லை. கலிஃபோர்னியாவில் குடியேறிய இந்தியர்களின் ஆங்கிலப் பேச்சைத் தேவ்யானி சர்மா 2005இல் ஆராய்ந்து, இதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டினார். கேட்பவருக்கு முன்பே தெரிந்து, ஐயத்துக்கு இடமில்லாத இடங்களில்தான் ‘தி’ பெரிதும் உதிர்கிறது. தெரிந்ததை எதற்குச் சுட்ட வேண்டும் என்னும் சிக்கனம் இது. ‘தி சொஸைட்டி’, ‘தி நேச்சர்’ என்று நாம் கூடுதலாகச் சேர்ப்பவையும் பெரும்பாலும் எவரையும் மயக்குவதில்லை. இவற்றையும், 14 பேரை எல்லா ஆசிரியர்களாக்கும் பிழையையும் ஒரே தட்டில் வைத்து, ‘ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் காட்டித் திருத்துக’ என்று எழுதி அனுப்பும் மதிப்பீட்டாளர்கள் தம் கடமையில் பாதியைத்தான் செய்கிறார்கள். முதல் வகைப் பிழைக்கு ஒரு மெய்ப்புத் திருத்துநர் போதும். இரண்டாம் வகையை அவர் கண்டுபிடிக்கவே முடியாது. எத்தனை ஆசிரியர்களைப் பேட்டி கண்டார்கள், முடிவு யாரைப் பற்றியது என்பது அவருக்குத் தெரியாது. அதைக் கேட்க வேண்டியவர் மதிப்பீட்டாளரே.

தாய்மொழியாளர்களுக்கும் இச்சொல் எப்போதும் கட்டுப்பட்டதில்லை. 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், அண்மைப் போரில் கைப்பற்றப்பட்ட நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலகுவதைப் பற்றிப் பேசுகிறது. ஆங்கில வடிவத்தில் ‘டெரிடரீஸ்’ என்பதற்கு முன் ‘தி’ இல்லை; பிரெஞ்சு வடிவத்தில் ‘தே’ என்னும் சொல்லுக்குள் ஆர்ட்டிகிள் அடங்கியிருக்கிறது. எல்லா நிலப்பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்து மட்டுமா என்ற சச்சரவு இன்னும் ஓயவில்லை. அங்கும் எழுந்த கேள்வி ‘எந்த?’ என்பதுதான்.

ஆனால் இக்கேள்வி செல்லுபடியாகாத ஓரிடம் உண்டு: இடப்பெயர்களும் நிறுவனப் பெயர்களும். மைசூரின் 1916ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகம் ‘தி யுனிவர்சிட்டி ஆஃப் மைசூர்’. பெங்களூரின் 1964ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகமோ வெறும் ‘பெங்களூர் யுனிவர்சிட்டி’. இரண்டும் எவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ‘ஆஃப்’ இருந்தால் ‘தி’ வரும் என்பது வெறும் மரபு. ‘தி இண்டியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ்’ என்று முழுமையாகச் சொல்லும்போது இருக்கும் ‘தி’, ‘ஐ.ஐ.எஸ்.சி.’ என்று சுருக்கியதும் காணாமற்போகிறது. நீலகிரிக்கு உண்டு, நந்தி மலைக்கு இல்லை. காவிரிக்கு உண்டு, அல்சூர் ஏரிக்கு இல்லை. இவற்றை மட்டும் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வைக்கலாம்.