நடு இருக்கையில் ஒரு வழக்கு

சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் 15,349 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காத பயணிகள் விமானத் தடங்களில் இப்போதைக்கு இதுதான் நீளமானது. பதினெட்டரை மணி நேரம் உட்கார வேண்டுமே என்றுகூட நான் கவலைப்படவில்லை. நடு இருக்கை கிடைத்ததில்தான் எரிச்சல்.

இடப்பக்கம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிங்கப்பூர்ப் பெரியவர். வலப்பக்கம் பொறியியல் படிக்கப் போகும் பையன். இருவரும் தமிழர்கள். என்னை வேலிபோல வைத்துக்கொண்டு வாக்குவாதத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

“வடதுருவத்துக்கு மேலதான் போவோம் அங்கிள்,” என்று பையன் செல்போனில் உலக உருண்டையைத் திருப்பிக் காட்டினான். சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்கு, நியூயார்க் 74 டிகிரி மேற்கு, கூட்டினால் 178. ஏறக்குறைய எதிரெதிர் தீர்க்கரேகைகள். நூல் பிடித்தால் துருவத்தை உரசிக்கொண்டுதான் போகும். நான் மனதுக்குள் பையன் கட்சி. போனும் கையுமாகப் பேசுகிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற நினைப்பு நமக்கெல்லாம் உண்டே.

பெரியவர் டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை இரண்டாக ஒடித்தார். “உருண்டையில நூல் விடலாம் தம்பி. பைலட் காத்தைப் பாத்துல்ல ஓட்டுவான்? ஜப்பான் பக்கமாப் போயி பசிபிக்கைத் தாண்டுவான், பாரு.”

சாப்பாடு வந்தது, விளக்கு அணைந்தது, வழக்கு ஓயவில்லை. சென்னையிலிருந்து நெல்லைக்கு ஓர் இரவு ரயிலில் போனால் இடையில் விழுப்புரத்தில் இறங்கி ஒரு டீயாவது குடிக்கலாம். இங்கே கழிவறை வாசல்தான் விழுப்புரம். அங்கே நின்றபோதுதான் கவனித்தேன், விமானத்தில் சாதாரண வகுப்பே இல்லை. இந்த ஏர்பஸ் ஏ350 ரகத்தில் மொத்தமே 161 இருக்கைகள். எரிபொருளோ 1,65,000 லிட்டர் வரை கொள்ளும். ஆளைக் குறைத்து எண்ணெயை ஏற்றினால்தான் இவ்வளவு தூரம் போக முடியும்.

திரும்பி வந்து உட்கார்ந்தால் திரையில் ஜப்பான் எங்களுக்குப் பின்னால் இருந்தது. முன்னே வெறும் நீலம். துருவத்தின் பக்கம் விமானம் தலைகூட வைக்கவில்லை. மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் ஓடும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. அதில் ஏறிக்கொண்டால் ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் எண்ணெயும் நேரமும் மிச்சம். ஊர்களுக்கு இடையிலான தூரம் மாறுவதில்லை; பறக்கும் பாதையும் நேரமும் அன்றைய காற்றைப் பொறுத்தவை.

பெரியவர் ஜெயித்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. டப்பாவை என்னைத் தாண்டிப் பையனிடம் நீட்டினார். அவன் இரண்டு எடுத்துக்கொண்டான். எனக்கும் கிடைத்தது, சீரகம் தூக்கலான, பல்லுக்குச் சவால் விடும் முறுக்கு. அதற்குப் பிறகு நடு இருக்கை அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

மதியம் கிளம்பி, நடுவே தேதிக்கோட்டைத் தாண்டி, அதே தேதி மாலையில் இறங்கினோம். கோடையில் இரு ஊர்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம் என்பதால் கைக்கடிகாரத்தின் முள்ளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் விமானம் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாக வந்தது. அதுவும் கிழக்கு நோக்கித்தான். ஆக, போய்வந்ததில் பூமியை முழுசாக ஒரு சுற்று சுற்றியாயிற்று; டிக்கெட்டில் அதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை.