பதினொன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே

வெளிநாட்டில் இறங்கியதும் போனில் டேட்டா வரவில்லையென்றால், அந்த ஊர் டவரும் நம் போனும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லிவிடுவது வழக்கம். பயணிகள் சொன்னால் தப்பில்லை. கோர் நெட்வொர்க்கில் வேலைக்குச் சேரும் இளைஞர்களும் அதையே சொல்கிறார்கள் என்பதுதான் ஆற்றாமை. ரேடியோ ஒத்துப்போகாதது இந்தத் தொழிலில் ஒருநாளும் பெரிய தடையாக இருந்ததில்லை. ஒரே ஹேண்ட்செட்டுக்குள் இரண்டு ரேடியோ வைத்துவிட்டால் தீர்ந்தது. கொஞ்சம் காசு, கொஞ்சம் பேட்டரி. ஜி.எஸ்.எம்., சி.டி.எம்.ஏ. என்ற இரு வேறு தரங்களிலும் வேலைசெய்யும் போன்கள் 2000-களிலேயே கடைக்கு வந்துவிட்டன. தடை டவருக்குப் பின்னால் இருந்தது: வந்திருப்பவர் யார், அவருக்கு ஜாமீன் யார், அவருடைய பாக்கெட் எந்த வாசல் வழியாக வெளியே போகவேண்டும் என்பதில். அது இன்றும் அங்கேயேதான் இருக்கிறது.

ஜாமீன் விவகாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைப் படிக்காமலேயே இப்போது பலர் ரோமிங் பார்க்கிறார்கள். ஜி.எஸ்.எம்.மில் சிம் கொடுத்த ஹோம் நெட்வொர்க் 128 பிட் கேள்வி, அதற்கான 32 பிட் விடை, 64 பிட் மறையாக்கச் சாவி மூன்றையும் தானே தயாரித்து, பயணி போயிருக்கும் விசிட்டட் நெட்வொர்க்குக்கு அனுப்பிவிடும். அது கேள்வியைப் போனிடம் கேட்டு, வந்த விடையைக் கையிலிருக்கும் விடையோடு ஒப்பிட்டால் போதும். சிம்மின் ரகசியச் சாவி வீட்டுவாசலைத் தாண்டாது. எந்த அல்காரிதம் என்றுகூட அடுத்தவருக்குத் தெரியவேண்டியதில்லை. 1992-இல் பின்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவே முதல் ரோமிங் ஒப்பந்தம் போட்டபோது, ஒருவரையொருவர் முழுதாக நம்பாமலே தொழில் செய்ய வழி இருந்தது இதனால்தான். சி.டி.எம்.ஏ.வின் நினைப்பே வேறு. அங்கே டவர் ஒரு 32 பிட் எண்ணை எல்லோருக்கும் பொதுவாக ஒலிபரப்பும். போன் அதை கேவ் என்ற அல்காரிதத்தில் போட்டு 18 பிட் விடை தரும். சரிபார்ப்பதை ஹோம் செய்யலாம், இல்லையென்றால் மூலச்சாவியிலிருந்து பிறந்த துணைச்சாவியை விசிட்டட்டிடம் கொடுத்து அங்கேயே செய்யச் சொல்லலாம். இப்போது இரண்டுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டியை நிறுத்துங்கள். ஒரு பக்கம் கேள்வி, விடை, சாவி மூன்றும் சேர்ந்த ட்ரிப்லெட்டைக் கேட்கிறது; மறுபக்கத்தில் அப்படி ஒரு பொருளே கிடையாது. சாவி இல்லாமல் அதைப் புதிதாகச் செய்யவும் முடியாது. செய்திகளை எவ்வளவு திறமையாக மாற்றினாலும் கையெழுத்தை மாற்றி எழுத முடியாதல்லவா? கடைசியில் கிடைத்த தீர்வு, ஒரே கார்டில் இரண்டு ரகசியம். நடுப்பெட்டி ஜி.எஸ்.எம். பக்கத்துக்கு எச்.எல்.ஆர். (ஹோம் பதிவேடு) வேடம் போடும், சி.டி.எம்.ஏ.வின் ஏ.என்.எஸ்.ஐ.-41 பக்கத்துக்கு வி.எல்.ஆர். (விசிட்டட் பதிவேடு) வேடம் போடும். சந்தாதாரர் ஒருவரே, ஆனால் அவருடைய அடையாள எண் ஒரு பக்கம் 15 இலக்க ஐ.எம்.எஸ்.ஐ., மறுபக்கம் 10 இலக்க எம்.ஐ.என். இந்தப் பக்கம் பதிவானதும் அந்தப் பக்கத்துப் பதிவை ரத்துசெய்ய மறந்தால், அவர் இல்லாத ஊரில் அவருடைய போன் அடிக்கும்.

டேட்டாவில் கதை இதேதான், ஆனால் சுருக்கம். பாக்கெட்டைக் கொண்டுசெல்ல ஜி.எஸ்.எம். வழியில் ஜி.டி.பி. டனல், சி.டி.எம்.ஏ. வழியில் மொபைல் ஐ.பி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் ஐ.பி. முகவரி போய்விடும், பாதி இறங்கிய ஃபைலும் போய்விடும். அமெரிக்காவின் சி.டி.எம்.ஏ. நிறுவனங்கள் எல்.டி.இ.க்கு மாறியபோது முகவரியைக் காப்பாற்றுவதற்காகவே இ.எச்.ஆர்.பி.டி. என்று ஓர் இடைநிலை ஏற்பாட்டைப் பழைய ரேடியோவுக்குப் பின்னால் கட்டவேண்டியிருந்தது. வாசல் எங்கே என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. கேட்வே சென்னையில் இருந்தால், நியூயார்க்கில் உட்கார்ந்து நியூயார்க் சர்வரைத் திறந்தாலும் பாக்கெட் சென்னை வந்துதான் போகும். 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். ஒருவழிக்கே 65 மில்லிசெகண்டுக்குக் குறையாது. ரோமிங்கே வேண்டாம், இ-சிம் வாங்கிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஒன்று: பயணிகளுக்கென விற்கும் இ-சிம்களில் பல, மூன்றாவது நாட்டு நெட்வொர்க் ஒன்றின் சிம்கள். அவர்கள் ரோமிங்கிலிருந்து தப்பவில்லை, யாருடைய விருந்தாளி என்பது மட்டும் மாறியிருக்கிறது.

இனி எல்லாம் எல்.டி.இ., 5ஜி, உலகமே ஒரே தரத்துக்கு வந்தபின் பழைய பாடம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சி.டி.எம்.ஏ.வை ஜப்பானில் 2022 மார்ச்சிலும் அமெரிக்காவில் அந்த ஆண்டு முடிவதற்குள்ளும் மூடிவிட்டார்கள். அடையாளச் சோதனையும் ஒரே முறைக்கு வந்துவிட்டது. ஆனால் தொழில்நுட்பம் ஒன்றானதால் ஒப்பந்தங்கள் ஒன்றாகிவிடவில்லை. ஒரு பார்ட்னரோடு 3ஜி ரோமிங் உண்டு, 4ஜிக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணியின் போன் முதலில் 4ஜியில்தான் கதவைத் தட்டும். ஹோமின் சந்தாதாரர் பதிவேடான எச்.எஸ்.எஸ். 'இந்த ரேடியோவுக்கு அனுமதியில்லை' என்று 5421 என்ற பிழை எண்ணை அனுப்பவேண்டும். விசிட்டட் பக்கம் போனின் பதிவைக் கவனிக்கும் எம்.எம்.ஈ. அதைப் பதினைந்தாம் எண் காரணமாக மாற்றிப் போனிடம் சொல்லும். போன் அதே நெட்வொர்க்கின் 3ஜிக்கு இறங்கி வேலையைப் பார்க்கும். அதற்குப் பதில் எல்லா மறுப்புக்கும் 5004, அதாவது 'ரோமிங் அனுமதியில்லை' என்று ஒரே வரியில் கான்ஃபிகர் செய்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது போனுக்குப் பதினொன்றாம் எண்ணாகப் போய்ச் சேரும். உடனே போன் அந்த நெட்வொர்க்கையே தடைப்பட்டியலில் எழுதிவைத்துவிடும். 3ஜி பக்கம் தானாக எட்டிக்கூடப் பார்க்காது.

டாஷ்போர்டில் இரண்டுமே 'நிராகரிப்பு' என்ற ஒரே சிவப்புக் கோடாகத்தான் தெரியும். ட்ரேஸைத் திறந்து இலக்கத்தைப் படிக்கிறவருக்கு மட்டுமே வித்தியாசம் புரியும், திறக்கிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். கஸ்டமர் கேரில் போனை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். அந்தத் தடைப்பட்டியல் இருப்பது சிம்மில். ஆஃப் செய்தால் அழியாது. செட்டிங்ஸில் போய் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுக்கவேண்டும்.